அப்பா பிரித்த நடுப்பக்கம்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவெடுத்தவர்கள் எப்படியோ என் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்த நாளிலேயே, அதுவும் ராஜபாளையத்தில், வீட்டில் படித்து வளர்ந்தவள் என்ற பெயர் எனக்கு உண்டு. எந்தப் பாடத்திட்டம் வாங்கலாம், வெளிநாட்டிலிருந்து வருவது நல்லதா, அட்டைப்பெட்டியில் சாமான்களோடு வருகிறதே அது நல்லதா, நம்முடைய அரசுப் பாடநூலே போதாதா என்று கேட்பார்கள். நானும் கருத்துச் சொல்வேன். எதற்குத்தான் நான் கருத்துச் சொல்லாமல் இருந்திருக்கிறேன்? காலையில் பல் துலக்கத் திறக்கிற வாயைப் படுக்கும்போதுதான் மூடுகிறாள் என்பது என் கணவரின் புகார். அதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். அது சொல்லிக்கொள்கிற மாதிரி நடக்கவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தை ஒவ்வொருவராக எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். எனக்கு எழுத்தெல்லாம் தெரியும். வரிசையாக வாய்க்கு வராது. ஒருநாள் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். வகுப்பே சிரித்தது. சரியாக வரும்வரைக்கும் தினமும் எழுந்து அதே வரியை வாசி என்று டீச்சர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. தினமும் எழுந்தேன், தினமும் அந்த வரியில் நின்றேன், தினமும் சிரித்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை வருவதற்குள் என் சத்தம் நின்றுவிட்டது. முதலில் பள்ளிக்கூடத்தில் நின்றது, பிறகு தெருவில், பிறகு வீட்டுக்குள்ளும். அம்மாவிடம் மட்டும் காதோடு காதாகப் பேசுவேன். அப்பாவிடம் தலையாட்டல்தான். அவர் கேட்டால் ஆமாம், இல்லை, இரண்டே பதில், இரண்டும் கழுத்தால். மதுரையில் ஒரு டாக்டர் என் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

எனக்கும் சேர்த்துத் தம்பி பேசினான். ஐந்து வயதில் அவன் ஊர் வாய் முழுவதையும் தன் வாயில் வைத்திருந்தான். யாராவது என்னைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டால் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு மிச்சம் வைத்தேன், எதற்கு அழுதேன் என்பது வரை அவனே ஒப்பித்துவிடுவான். எனக்கு அது வசதியாக இருந்தது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அம்மா என்னைக் குளிப்பாட்டி, தலை பின்னி, சீருடையைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சீருடையை மடித்து மறுபடி பீரோவுக்குள் வைத்துவிட்டு, வா தோசை சாப்பிடலாம் என்றாள். எங்கள் வீட்டில் வீட்டுக்கல்வி தொடங்கியது அப்படித்தான். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா நான் பகலில் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "பாப்பாக்கு ஒடம்பு பாகலேதா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு சொம்பில் கஞ்சி கொண்டுவந்தார். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அவர் நம்பவில்லை. ஒரு வாரம் கஞ்சி வந்தது.

அப்பா ஒரு நூற்பாலையில் பஞ்சு செலக்டர். லாரியில் வந்து இறங்குகிற, இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பேல்களைப் பார்த்து, இது நூலுக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்வதுதான் அவருக்கு வேலை. பேலின் மேல்பக்கத்தை அவர் பார்க்கவே மாட்டார். கட்டுக் கம்பியை அறுத்து, நடுவில் கையை விட்டு ஒரு பிடி பிடுங்குவார். இரண்டு கட்டைவிரலுக்கும் இடையில் வைத்து இழுத்து இழுத்து, இழை எவ்வளவு நீளம் என்று கறுப்புத் துணி மேல் படுக்கவைத்துப் பார்ப்பார். ஆகாது என்றால் வந்த லாரியிலேயே சரக்கு திரும்பிப் போய்விடும். இந்தப் பழக்கம் அவரை வீட்டுக்கும் விடாமல் துரத்தி வந்தது. அரிசி மூட்டையில் முழங்கை வரை கை போகும். பேப்பரை நடுப்பக்கத்தில் இருந்துதான் வாசிப்பார். சர்ச்சுக்குக்கூடப் பிரசங்கத்தின் நடுவில்தான் வந்து உட்காருவார். அதை மட்டும் தொழில் பழக்கம் என்று ஏற்றுக்கொள்ள அம்மா தயாராக இல்லை.

பிள்ளை வீட்டில் இருக்கப்போகிறாள் என்றதும் அவர் சண்டை போடவில்லை. யோசித்துவிட்டு ஒரு முடிவு சொன்னார்.

"அடுத்த வருசத்துக்குப் பள்ளிக்கூடம் தொறக்க ஜூன் வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள ஒரு நல்ல பாடத்தைப் பாத்து எடு. நான் ஒரு கை பாத்துட்டுச் சொல்லுதேன். தேறிச்சுன்னா வீட்டுலயே படிக்கட்டும். தேறலைன்னா அக்கா ஸ்கூல்ல சேத்துருவோம்."

அக்கா என்றால் என் அத்தை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி ஆசிரியை. அந்த ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் என்ன இனிப்பு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அத்தை கையில் நாலு கோடு நோட்டு இருக்கும். பிள்ளைகள் இல்லாதவள், எங்கள் இரண்டு பேர் மேலும் உயிரையே வைத்திருந்தாள். அந்த அன்பை நான் சந்தேகப்பட்டதே இல்லை. ஆனால் அவள் வீட்டுக் கூடத்தில் சாயங்காலமானால் டியூஷன் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, ஒரே நேரத்தில், ஆளுக்கொரு பாடத்தை, தெருவே கேட்கும்படி சத்தமாக வாசிப்பார்கள். சத்தம் குறைந்தால் அத்தை அடுக்களையில் இருந்தே பேர் சொல்லிக் கூப்பிடுவாள். நான் அங்கே தங்கிப் படிக்க வேண்டும். அவள் எனக்கென்று ஒரு கட்டிலும் ரோஸ் நிறப் பையும் வாங்கி வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, ஒரே ஒரு வாட்டி அத்தைன்னு சொல்லு. பொறவு ஒன்னைய விட்டுருதேன்" என்பாள். நான் அவள் மூக்குத்தியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா புத்தகம் தேட ஆரம்பித்தாள். விலங்கியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன் கொஞ்ச நாள் ஒரு பள்ளியில் வேலை பார்த்தவள். என்றாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இதுதான் என்று ஒன்றைக் கை நீட்டி எடுக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பெங்களூரில் தன் பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கிற ஒரு பெண்ணோடு மணிக்கணக்கில் போனில் பேசினாள். பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தாள்தாளாக அச்சடித்துக்கொண்டு வந்தாள். ஒரு முறையில் பிள்ளையை அதன் போக்கில் விடச் சொன்னார்கள், இன்னொரு முறையில் மணிக்கு மணி கால அட்டவணை போட்டிருந்தார்கள். இரண்டையும் படித்துவிட்டுச் சாம்பாரைத் தீய விட்டாள்.

முதலில் வந்தது வெளிநாட்டுப் புத்தகம். எங்கள் சர்ச்சில் ஒரு குடும்பம் அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தது. அவர்கள் பிள்ளைகள் படித்து முடித்த செட்டு, வழவழவென்று, வாசனையாக இருந்தது. அம்மாவுக்கு அந்தத் தாளைத் தடவித் தடவி ஆசை தீரவில்லை. சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து, குளித்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சு போக இரண்டு தடவை துண்டால் தட்டிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். தம்பி என் முதுகில் தொற்றிக்கொண்டு நின்றான்.

அப்பா புத்தகத்தைக் கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு கட்டைவிரலை நடுவில் விட்டு விரித்து, என் முன்னால் வைத்தார்.

"இதுல என்ன போட்டுருக்கு? சொல்லு பாப்பா."

பனி பெய்கிற ஊரில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் உருண்டையாக ஏதோ மாட்டியிருந்தது. யாருடையது எது என்று ஜோடி சேர்க்க வேண்டும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"எல்லாப் பிள்ளைக்கும் கையில கட்டு போட்டுருக்குப்பா" என்றான் தம்பி.

அவன் மேல் தவறில்லை. எங்கள் சுற்றுவட்டாரத் தறிகளில் பாதி ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிதான் நெய்யும். கையைச் சுற்றி வெள்ளையாக எதைப் பார்த்தாலும் எங்களுக்குக் கட்டுதான். அப்பாவும் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா, ஒருத்தன் பாக்கியில்லாம அடிபட்டுருக்கான். என்ன ஊரோ" என்றார். அது குளிருக்குப் போடுகிற உறை என்று அம்மா விளக்கினாள். முன்பக்கங்களில் குளிர்காலம் பற்றி எல்லாம் வருகிறது, முதலில் இருந்து படித்தால் புரியும் என்றாள். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரியா வரல. திருப்பிக் குடுத்துரு" என்றார்.

அடுத்தது சென்னையிலிருந்து வந்த பெட்டி. அதில் புத்தகம் குறைவு, சாமான் அதிகம். மணி, கம்பளி நூல், ஐஸ்கிரீம் குச்சி, அட்டையில் வெட்டிய வட்டங்கள். பிள்ளைக்கான புத்தகத்தைவிடத் தாய்க்கான புத்தகம் தடியாக இருந்தது. அம்மா அதை இரண்டு நாள் படித்துவிட்டு, இதுதான் என்று முடிவே பண்ணிவிட்டாள். அப்பா வந்தார், குளித்தார், தட்டினார், உட்கார்ந்தார், நடுவில் விரலை விட்டார். "சென்ற பாடத்தில் நீ செய்த கடிகாரத்தை எடுத்துக்கொள்" என்று அந்தப் பக்கம் ஆரம்பித்தது.

"கடிகாரம் எங்க?" என்றார் அப்பா.

"அது முந்தின பாடத்துல செய்யணும்."

"அப்ப பாதிச் சரக்கு வரலையா?"

"வந்துருக்குங்க. நாமதான் செய்யணும். ஏங்க, புஸ்தகம்னா மொதப் பக்கத்துலருந்துதான ஆரம்பிக்கணும்? இப்படி நடுவுல பிரிச்சா யாருக்குத்தான் விளங்கும்?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வி ஆச்சரியமாக இருந்தது. "மொதப் பக்கம் எல்லாருதும் நல்லாத்தான் இருக்கும். கட்டுறவன் மேல நல்ல பஞ்சாப் பாத்துத்தான் வைப்பான். உள்ள கைய விட்டாத்தான் தெரியும்" என்றார். அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அப்பா என்னிடம் கடிகார முள் எங்கே நிற்கிறது என்று ஏதோ கேட்டார், கொஞ்ச நேரம் காத்திருந்தார், என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெட்டியும் சணல் கயிறு கட்டிப் பார்சல் ஆபீசுக்குப் போனது.

இன்றைக்கு நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. புத்தகத்தைப் பேல் மாதிரி சோதிக்கிற மனிதரை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்? ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் சோதனை புத்தகத்துக்கு என்று எனக்குத் தெரியாது. அப்பா பக்கத்தை ஒரு தடவை பார்ப்பார், என்னைப் பல தடவை பார்ப்பார். சரியா வரல என்று சொல்லும்போதும் என்னைப் பார்த்துத்தான் சொல்வார். சரியாக வராத சரக்கு வந்த வழியே திரும்பிப் போகும் என்பது எங்கள் வீட்டில் சோறு மாதிரி தினசரி பேச்சு. ஆகாத சரக்கு நான்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இன்னும் ஒரு தடவை தேறாவிட்டால் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கூடத்தில் டியூஷன் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று நான் வாசிக்க வேண்டும்.

மே மாதம் ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போன அம்மா, திரும்பும்போது ஏதோ ஒரு கடையில் கண்ணில் பட்டது என்று நாலு மெல்லிய புத்தகம் வாங்கி வந்தாள். தமிழ்ப் புத்தகங்கள், சாணித் தாள், வண்ணம் கிடையாது, கோட்டுப் படங்கள். ஒன்று செடி பற்றி, ஒன்று தண்ணீர் பற்றி, ஒன்று நிழல் பற்றி, ஒன்று எறும்பு பற்றி. அவளுக்கே அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. "இதுவும் போச்சுன்னா நான் என்ன செய்யிறதுன்னு தெரியலட்டி" என்று என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. புத்தகங்களைத் தையல் மெஷின் மேல் வைத்தாள். மில்லில் புதுச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்ததால் அப்பாவுக்கு ஒரு வாரம் நேரமில்லை.

அந்த வாரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அப்பா எப்போதும் நடுவில்தான் பிரிக்கிறார். அப்படியானால் நடுப்பக்கத்தை மட்டும் படித்துவைத்தால் போதும். இவ்வளவு நாளும் இது ஏன் தோன்றவில்லை என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது.

அம்மா மத்தியானம் கண் அயர்ந்த நேரம் மெஷின் மேலிருந்து மேலாக இருந்ததை எடுத்தேன். எறும்புப் புத்தகம். அப்பா மாதிரியே எடை பார்த்து, அப்பா மாதிரியே கட்டைவிரலை விட்டேன். "வரிசையாகப் போகும் எறும்புகளின் பாதையை விரலால் தேய்த்தால் என்ன ஆகும்? ஏன்?" என்று ஒரு பக்கம் வந்தது. பதில் அந்தப் பக்கத்தில் இல்லை. முந்தின பக்கத்தில் பார்த்தேன். அங்கே வாசனைக் கோடு என்று போட்டிருந்தது, அது என்ன என்று அதற்கு முந்தின பக்கத்தில் இருந்தது. அங்கே உணர்கொம்பு என்று ஒன்று வந்தது, அதற்காக இன்னொரு பக்கம் முன்னால் போனேன். இப்படிப் பின்னோக்கி நடந்து நடந்து முதல் பக்கத்துக்கு வந்து சேர நாலு மத்தியானம் ஆனது. அங்கே, "நீ எறும்பைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டிருந்தது. அதற்குள் எனக்கு எறும்பின் குடும்ப விவகாரம் வரை தெரிந்திருந்தது.

படித்தால் மட்டும் போதாது என்று அந்தப் புத்தகம் பிடிவாதம் பிடித்தது. போய்ப் பார், செய்து பார் என்று ஒவ்வொரு பக்கத்திலும் விரட்டியது. புழக்கடையில் துவைகல்லுக்குக் கீழே கருப்பட்டித் துண்டு ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சுவரிலிருந்து எறும்புகள் கோடு பிடித்து வந்தன. நடுவில் ஈர விரலால் ஒரு தேய். வந்தவை அந்த இடத்தில் நின்றுவிட்டன. முன்னால் போகவும் தெரியாமல், திரும்பவும் தெரியாமல், வட்டம் போட்டன. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் மறுபடி தேய்த்தேன். அப்பாவின் விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று நடுப்பக்கத்துக்குப் பின்னால் இருந்த பக்கங்களையும் படித்துவைத்தேன். தம்பி இதை ஒரு விளையாட்டு என்று நினைத்து, கருப்பட்டியில் பாதியைத் தின்று உதவி செய்தான்.

வாரக் கடைசியில் அப்பாவுக்கு நேரம் கிடைத்தது. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா அடுக்களையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வரவில்லை. இந்தத் தடவை அவளுக்குப் பார்க்கத் தைரியமில்லை என்று நினைக்கிறேன்.

அப்பா மேலே இருந்த எறும்புப் புத்தகத்தை எடுத்தார். விரலை விடுவதற்கு முன்பே புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தில் விரிந்து படுத்துக்கொண்டது. அவ்வளவு தடவை நான் பிரித்திருந்தேன். போதாததற்குப் பக்கத்தின் ஓரத்தில் கருப்பட்டிக் கறை. அதில் ஒட்டிச் செத்துப்போன ஒரு எறும்பு. அப்பா அந்த எறும்பை நகத்தால் எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஊதிவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

அவர் புத்தகத்தின் மேல் குனிந்தார். அந்தப் பக்கத்தில் இருந்ததை மெல்ல வாசித்தார். "எறும்புப் பாதையை விரலால தேச்சா என்ன ஆகும்? சொல்லு பாப்பா."

எனக்குத் தெரியும். வரி வரியாகத் தெரியும். ஆனால் பதிலைத் தயார் பண்ணியவள், அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும் என்பதை மறந்துபோயிருந்தேன். தொண்டை வரைக்கும் வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. அந்த மூன்றாம் வகுப்பு வரி நின்ற அதே இடத்தில் நின்றது. அப்பா காத்திருந்தார். காத்திருக்கக் காத்திருக்க அவர் முகம் விழுந்துகொண்டே வந்தது.

"ஒண்ணும் ஆகாதுப்பா" என்றான் தம்பி. "எறும்புக்குக் கண்ணு நல்லாத் தெரியும். அது பாட்டுக்குப் பாத்துப் போயிரும்."

நாலு மத்தியானம் என்னோடு துவைகல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிற பதிலா இது? அப்பா புத்தகத்தை மூடப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், டியூஷன் கூடம் எல்லாம் மறந்துபோனது.

"இல்ல" என்றேன்.

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. கரகரவென்று, துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி இருந்தது. அப்பாவின் கை புத்தகத்தின் மேல் அப்படியே நின்றது.

"இல்லப்பா. அது கண்ண வெச்சுப் போகல. முன்னால போற எறும்பு வாசனைய வெச்சுட்டுப் போகும். பின்னால வாரது அதை மோந்துட்டே வரும். தேச்சா வாசனை போயிரும். வழி தெரியாது."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஏலே, நீ செத்த நேரம் சும்மா இரு. அக்கா சொல்லுதா" என்றார் அப்பா. அவனை யாரும் அதுவரை அப்படி அடக்கியதில்லை. அவன் திகைத்துப்போய் விரலை வாயில் போட்டுக்கொண்டான். அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா அடுக்களை நிலைப்படி வரைக்கும் வந்துவிட்டாள். அப்பா திரும்பிப் பார்க்காமலே, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, வராதே என்று சைகை காட்டினார். எனக்கு உதவி செய்ய அம்மாவை விடக்கூடாது என்று பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"வாசனைய எங்க வெச்சுருக்கும்?" என்றார்.

"வயித்துல. வயித்தத் தரையில தேச்சுட்டே போகும்."

"மோந்து பாக்க மூக்கு எங்க இருக்கு?"

"மூக்கு இல்லப்பா. தலையில கொம்பு மாதிரி ரெண்டு இருக்கு, அதுதான்."

இது வரைக்கும் புத்தகத்தில் இருந்தது. அதற்கப்புறம் அவர் கேட்டதெல்லாம் எந்தப் பக்கத்திலும் இல்லை. மழை பெய்தால் அந்தக் கோடு என்ன ஆகும் என்றார். ராத்திரி தூங்குமா என்றார். கறுப்பு எறும்பு வீட்டில் சிவப்பு எறும்பு பெண் எடுக்குமா என்று கேட்டார். எனக்கு வியர்த்தது. செத்த எறும்பைப் பார்த்ததிலிருந்தே இவருக்குச் சந்தேகம், நான் முன்கூட்டியே படித்துவைத்தேன் என்று கண்டுபிடிக்கத்தான் இப்படிச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. விடக்கூடாது என்று நானும் முடிவெடுத்தேன். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைக் கற்பனை பண்ணிச் சொன்னேன். கறுப்பு எறும்பும் சிவப்பு எறும்பும் பெண் எடுக்காது, ஆனால் ஒரு பண்டிகை என்றால் பலகாரம் கொடுத்தனுப்பும் என்று அடித்துவிட்டேன். அப்பா அதையும் தலையாட்டிக் கேட்டார்.

"சோறு ஆறுதுங்க" என்று அம்மா கூப்பிட்டாள். அவள் மூக்கு அடைத்த மாதிரி பேசினாள்.

"இரு" என்றார் அப்பா. சற்று நேரம் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி பாப்பா, இங்கருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஒரு எறும்பைப் போகச் சொன்னா என்ன செய்யும்?" என்று கேட்டார்.

இது பெரிய பொறி என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் யோசித்தேன்.

"போகாதுப்பா. வாசனை அம்புட்டுத் தூரம் நிக்காது. பாதிலயே தொலஞ்சு போயிரும்."

தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. அம்புட்டுத் தூரம் வேண்டாம்" என்றார் பிறகு. "நம்ம தெரு முக்கு வரைக்கும் போகுமா?"

"அது போகும்ப்பா" என்றேன். எப்படிப் போகும், யார் முன்னால் போவார்கள், வழியில் எதிர்வீட்டுக் கோழி வந்தால் என்ன செய்யும் என்று அதையும் விளக்க ஆரம்பித்தேன். அம்மா இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள். அப்பா எழுந்திருக்கவில்லை. கோழியைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டார்.

அந்த நாலு புத்தகமும் எங்கள் வீட்டில் தங்கின. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தபோது அப்பா அவளை வாசலிலேயே நிறுத்தி மெதுவாக ஏதோ சொன்னார். அத்தை உள்ளே வந்து என் தாடையைப் பிடித்தாள். நான் அத்தை என்றேன். அவள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். கட்டில் வாங்கி வைத்து, பையும் வாங்கி வைத்தவள், நான் வரவில்லை என்றதும் வருத்தம் தாங்காமல் அழுகிறாள் என்று எண்ணி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பஞ்சு பார்ப்பதில் அவ்வளவு பேர் வாங்கிய மனிதரை எட்டு வயதில் ஏமாற்றிவிட்டோம் என்ற பெருமை எனக்குப் பல வருடம் இருந்தது. போன மாதம் ஒரு பெண் போன் பண்ணிப் பாடத்திட்டம் பற்றிக் கேட்டபோது, பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். பேசி முடித்ததும் அவரிடம், அந்த எறும்புப் புத்தகத்தை மட்டும் ஏன்பா தேறிச்சுன்னு சொன்னீங்க என்று கேட்டேன்.

"எந்த எறும்புப் புஸ்தகம்?" என்றார்.

விவரம் சொன்னேன். அட்டையைச் சொன்னேன், கருப்பட்டிக் கறையைச் சொன்னேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை. "புஸ்தகமெல்லாம் நெனப்பு இல்ல பாப்பா. நீ பேசிட்டே இருந்த. சோறு ஆறிப் போச்சுன்னு ஒங்கம்மா சத்தம் போட்டா" என்றார்.

பதிலை நிறுத்தினால் என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார் என்று பயந்துகொண்டேதான் அன்றைக்கு நான் அவ்வளவும் பேசினேன். கேள்வியை நிறுத்தினால் நான் மறுபடி வாயை மூடிக்கொண்டுவிடுவேனோ என்று அவரும் எதிரில் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.